கொழுந்தன் வேஷம்

கைதட்டல் வலது ஓரத்திலிருந்து வந்தது. அவசரமே இல்லாத, நிதானமான கைதட்டல்.

விதவை வேஷத்தில் மேடையில் நின்றிருந்த நோமாலங்கா திரும்பிப் பார்த்தாள். எழுந்து நின்றவன் குலேகானி.

புலவாயோவின் அந்த பீர் தோட்டத்தில் சனிக்கிழமை மதியம் நாடகம் என்றால், விதி எல்லோருக்கும் தெரியும். பார்க்கிற யாரும் கை தட்டலாம். தட்டியதும் நடிகர்கள் அப்படியே நின்றுவிட வேண்டும். தட்டியவர் மேடையேறி, பிடித்த வேஷத்தை வாங்கிக்கொண்டு கதையைத் தன் இஷ்டத்துக்குத் திருப்பலாம். எழுதியவளே ஆனாலும் மறுக்க முடியாது. அந்த விதியைக் கொண்டுவந்தவளே நோமாலங்காதான். வழக்கமாகப் பெண்கள்தான் ஏறுவார்கள். விதவையாக மாறி, கொழுந்தனை நாலு கேள்வி கேட்டுவிட்டு இறங்குவார்கள். கொழுந்தன் வேஷத்தை இதுவரை யாரும் கேட்டதில்லை.

"அந்தக் கோட்டைக் கழட்டிக் குடு தம்பி," என்றான் குலேகானி, கொழுந்தனாக நடித்த வெலாபியிடம். வெலாபி அவளைப் பார்த்தான். அவள் தலையசைக்க வேண்டியதாயிற்று.

கதை அவளுடைய தோழி சிக்கானிசோவுடையது. புருஷன் செத்ததும் அவன் தம்பி குலேகானி வீட்டைப் பிடுங்கிக்கொண்டான். அவளுக்குப் பரிசம் முழுக்கக் கொடுத்தாகிவிட்டது, அதனால் பிள்ளை எங்கள் குடும்பத்துக்குத்தான் என்று மகள் ஜாமாவையும் வைத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்க்க அனுமதி.

"என் கதையப் போடு, என்னப் போட்டுடாத," என்று கெஞ்சியிருந்தாள் சிக்கானிசோ. "நாந்தான் சொன்னேன்னு மோப்பம் புடிச்சான்னா, புள்ளைய ஜோஹன்னஸ்பர்க்ல அவன் அக்காகிட்ட ஏத்தி விட்டுடுவான். அப்புறம் அவ மூஞ்சிய நான் கனவுலதான்டி பாக்கணும்."

நோமாலங்கா எல்லாவற்றையும் மாற்றினாள். பெயர், ஊர், தொழில். ஒன்றை மட்டும் மாற்றாமல் விட்டுவைத்தாள். செத்தவரின் துணியைச் சடங்கு செய்து பங்கிடும்வரை யாரும் தொடக்கூடாது. இவனோ பிணம் வீட்டில் கிடக்கும்போதே அண்ணன் கோட்டை மாட்டிக்கொண்டு, எழவு வீடு என்று மூடிவைத்த கண்ணாடியின் துணியை விலக்கி அழகு பார்த்தான். ஒத்திகையில் அந்த இடம் வரும்போதெல்லாம் ஒரு சத்தம் இருக்காது. அதை வெட்ட அவளுக்கு மனசு வரவில்லை. எழுதுகிறவளின் பேராசை.

குலேகானி கோட்டை மாட்டிக்கொண்டான்.

"அண்ணி, ஒரு சந்தேகம்," என்றான். கூட்டம் சிரித்தது. "நான் கண்ணாடி பாத்தேன், பாத்தேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறீங்களே. அத யாரு பாத்தா?"

நோமாலங்கா கூட்டத்தின் பக்கம் கையை வீசினாள். "எழவு வீட்டுல கண்ணுக்கா பஞ்சம் தம்பி? வாசல் பூரா ஜனம். எல்லாருந்தான் பாத்தாங்க."

"பொய்!" அவன் குரலில் நடிப்பு இல்லை. "கதவ நாந்தான் சாத்துனேன். உள்ள அவளத் தவிர ஒருத்தரும்..."

நிறுத்திக்கொண்டான். சிரிப்பு அறுந்தது.

"அடியே, இவன் நடிக்கலடி!" என்றாள் முன்வரிசைக் குண்டம்மா ஒருத்தி, பீர்க் குவளையைக் கீழே வைத்து.

ஊர் நடுவே தன் வாயாலேயே ஒப்புக்கொண்டுவிட்டான். ஆனால் கேள்விக்கு விடையும் அவனுக்குக் கிடைத்துவிட்டது: சொன்னது சிக்கானிசோதான். அவன் கண்கள் கூட்டத்தின் தலைகள்மேல் ஒவ்வொன்றாக ஊர்ந்தன. தேடுகிறான். அவள் இங்கேதான் எங்கேயோ நிற்கிறாள் என்று ஊகித்துவிட்டான்.

நோமாலங்கா முந்திக்கொண்டு பார்த்தாள். வாசலுக்கு வெளியே, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சிக்கானிசோ ஓடிக்கொண்டிருந்தாள். அவள் குடியிருக்கும் பக்கம் இல்லை, எதிர்ப்பக்கம். குலேகானியின் வீடு இருக்கும் பக்கம். ஜாமா இருக்கும் பக்கம். அந்தக் கதவை மறிக்கக்கூடிய ஒரே ஆள் இப்போது இங்கே மேடையில் நிற்கிறான்.

அவன் கால் மேடை ஓரத்துக்குத் திரும்பியது.

"எங்க கெளம்பிட்டீங்க தம்பி?" பாய்ந்து கோட்டின் கையைப் பிடித்தாள். அப்படி ஒரு வசனத்தை அவள் எழுதியிருக்கவே இல்லை. "அண்ணன் பொணத்தப் பக்கத்துல வச்சுக்கிட்டு அழகு பாத்தவரு, அண்ணிக்கு பதில் சொல்லாமப் போனா எப்படி? கண்ணாடியில என்னத்தப் பாத்தீங்க? சொல்லிட்டுப் போங்க."

"சொல்லுடா!" என்றது கூட்டம். பெண்கள் முக்காலிகளை மேடையோரம் நகர்த்திப் போட்டு உட்கார்ந்தார்கள்.

"கைய விடு," என்றான் அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "உன்னயும் சேத்துப் பாத்துக்கறேன்."

அவள் விடவில்லை. அடுத்த வசனம் வேண்டும். அதற்கடுத்தது வேண்டும். ஓடுகிறவள் போய்ச் சேரும்வரை வேண்டும். அவன் திமிறினான். அவள் விரல்களுக்குள் கோட்டின் தோள் தையல், இழை இழையாக, பிரிந்துகொண்டிருந்தது.