கோல் கம்பங்களுக்கிடையில் ஓர் அடிக்கல்

ஷிப்லியிடம் எதைப் பற்றிக் கேட்டாலும் ஓர் அபிப்பிராயம் கையிருப்பில் இருக்கும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, பகல் சோறும் உண்டு, தன் பெயின்ட் கடைக் கதிரையில் சாய்ந்தாரென்றால் பேஸ்புக்கில் நீளமாக ஒரு பந்தி எழுதிப் போடுவார். தேர்தலும் ஹொக்கியும் கல்யாண வீட்டு ஸ்பீக்கர் பாட்டும் ஐஸ்பழ வண்டியின் மணியும் அந்த ஒரே பந்திக்குள் புகுந்து ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். அவர் எழுத்தை மதிக்காதவர் ஊரில் ஒருத்திதான், மனைவி பஹ்மிதா. மற்றவர்கள் வாசித்தால்தானே மதிப்பதற்கும் மதிக்காமல் விடுவதற்கும்.

ஆனால் அவர் சொன்ன ஒரு விசயத்தை மட்டும் ஊர் முழுக்க ஒப்புக்கொண்டிருந்தது. அரசியல்வாதி அடிக்கல் நட்ட இடத்தில் எதுவும் எழும்பாது. நூலகத்துக்கு நட்ட கல்லில் ஆடு கட்டியிருந்தது. மீன் சந்தைக்கு நட்ட கல்லில் மீன்காரர் கத்தி தீட்டினார். தாய் சேய் நிலையத்துக்கு நட்ட கல்லை மண் மூடிவிட்டது. அது எங்கே என்று கேட்டால் ஆளுக்கொரு திசையைக் காட்டினார்கள்.

ஆகையால், கடற்கரையோரமாகக் கிடந்த ஹொக்கி மைதானத்தை எடுத்துப் பஸ் நிலையம் கட்டப்போகிறார்கள் என்ற கதை வந்தபோது, ஹொக்கிக் கழகத்தின் செயலாளரான ஷிப்லி பயந்துபோனார்.

"சும்மா கதையா இரிக்கும் நானா," என்றான், ஷிப்லியை அண்ணன் முறை வைத்து 'நானா' என்று கூப்பிடும் முஸ்தாக். கல்யாணத்துக்கும் கூட்டத்துக்கும் ஸ்பீக்கர் வாடகைக்குக் கொடுத்து, கூடவே கீபோர்டும் வாசிக்கிறவன். போட்டி நாளில் மைதானத்தின் அறிவிப்பாளனும் அவன்தான்.

"சும்மா கதையில்லடாப்பா. இன்னும் ஒருத்தனும் கல்லு வெக்கல்ல, பாத்தியா? கல்லு வெக்காத வேலதான் பயம். மெய்யாவே கட்டிருவானுகள்."

மருந்தும் ஷிப்லிக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் கல் வைக்காத இடத்தில் நாம் ஒரு கல்லை வைத்துவிட வேண்டும். பார்வையாளர் மண்டபம் என்றோ வேறெதோ என்றோ ஒரு பெயர் போதும். ஒரு பெரிய மனிதர் கையால் கல் இறங்கிவிட்டால் அந்த மண்ணில் பிறகு புல்லைத் தவிர வேறொன்றும் முளைக்காது.

உண்மையில் அந்த மைதானத்துக்கு அப்படி இரண்டு கற்கள் ஏற்கெனவே இருந்தன. ஒன்று அலியார்மரைக்கார் ஹாஜியார் வைத்தது. அடுத்த தேர்தலில் அவரைத் தோற்கடித்த அவருடைய சொந்த மச்சான் முத்தலிபு வைத்தது மற்றது. இரண்டும் அதே பார்வையாளர் மண்டபத்துக்குத்தான். உப்புக் காற்றில் கோல் கம்பங்களுக்குப் பின்னாலிருந்த பலகை உக்கிப்போனபோது கழகப் பொடியன்கள் அந்தக் கற்களைக் கிளப்பிக்கொண்டு போய், ஒவ்வொரு கோலுக்குள்ளும் ஒரு கல்லை நடுவில் நிமிர்த்தி, இரு பக்கமும் தென்னங்குற்றி போட்டு அடைத்துவிட்டார்கள். குற்றியில் பந்து பட்டால் 'தொப்' என்று அடங்கும். கல்லில் பட்டால் 'ணங்' என்ற சத்தம் பிரதான வீதி வரைக்கும் கேட்கும்.

"முத்தலிபுட கல்லு கொஞ்சம் சுருதி குறைவு," என்பான் முஸ்தாக். "அலியார் ஹாஜிட கல்லு சுத்தமான பஞ்சமம். கட்சி மாறினாலும் சுருதி மாறல்ல."

ஊரைக் காத்துக் கிடந்த கற்களை நாமே கிளப்பிவிட்டோமே என்று ஷிப்லி அன்றைக்குத்தான் நொந்துகொண்டார்.

முத்தலிபு தோற்றுப்போய் வீட்டிலிருந்தார். அதிகாரம் இருந்தது அலியார்மரைக்கார் கையில்தான். இப்போது வேறு கட்சி, பிரதி அமைச்சர். ஷிப்லி போய் அழைத்தார். ஹாஜியார் உடனே சம்மதித்தார். கல் வைக்கக் கூப்பிட்டால் அவர் காய்ச்சலோடும் வருவார் என்பது ஊருக்குத் தெரியும். சனிக்கிழமை பக்கத்துத் தமிழ் ஊரான காரைதீவு அணியோடு இறுதிப் போட்டி, முடிந்த கையோடு அடிக்கல், பொழுதுபட்டு மஃரிப் தொழுகைக்கு முதல் எல்லாம் சரி என்று ஒழுங்காயிற்று.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணியை வாயில் வைத்த பிறகுதான் ஷிப்லிக்கு உறைத்தது. ஹாஜியார் உட்காரப்போகும் கதிரையிலிருந்து பார்த்தால் தெரியும்படி, கம்பங்களுக்கு நடுவில், அவருடைய பெயர் நாளாந்தம் பந்தடி வாங்கிக்கொண்டு நிற்கிறது. அதைக் கண்டால் மனிதர் எழும்பிப் போய்விடுவார். கல் இறங்காது. பஸ் நிலையம் வந்துவிடும்.

"கல்லத் திருப்பி வெப்பம், பேரு பின்னால போயிரும்," என்றான் முஸ்தாக்.

திருப்பியும் வைத்தார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் மைதானம் பார்க்க வந்த நடுவர் புண்ணியமூர்த்தி சேர் கல்லின் முதுகைத் தடவிப் பார்த்தார். அது கொத்துவேலை சீமெந்தோடு கரடுமுரடாக இருந்தது.

"இதில பட்டு பந்து எங்க பாயுமெண்டு ஆருக்குத் தெரியும் தம்பி? கோல்கீப்பரிட பல்லுப் போனா நானெல்லோ பதில் சொல்லோணும். மழமழப்பான பக்கம் முன்னால இருக்கோணும். இல்லாட்டி போட்டிய நாங்க காரைதீவில வைப்பம்."

கல் மறுபடி முகத்தைக் காட்டியது. கடைசியில் ஷிப்லி இரண்டு கல்லுக்கும் வெள்ளை பூசினார். கடை நிறைய நல்ல எனாமல் பெயின்ட் அடுக்கியிருந்தது. ஆனால் அதைக் கல்லில் ஊற்ற வியாபாரி மனசு வரவில்லை. வாளியில் சுண்ணாம்பைக் கரைத்துப் பூசினார். பூசி முடிந்ததும், புதைகுழித் தலைமாட்டில் நட்ட பெயர் எழுதாத மீஸான் கல்லைப் போல இரண்டும் சாந்தமாக இருந்தன.

மறுநாள் பிரதி அமைச்சர் ஒரு மணித்தியாலம் பிந்தி வந்தார். "கௌரவ பிரதி அமைச்சர், அகில இலங்கை சமாதான நீதவான், சமூக ஜோதி, அல்ஹாஜ்..." என்று முஸ்தாக் தொடங்கி, அவர் கதிரையில் உட்கார்ந்து சோடாவில் பாதி குடிக்கும் வரைக்கும் பட்டங்களை இறக்கிக்கொண்டிருந்தான். போன கிழமை கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு வாசித்த அதே மெட்டில் வரவேற்புப் பாடலும் போயிற்று. பெயரை மட்டும் மாற்றியிருந்தான். பொன்னாடை போர்த்தினார்கள். ஹாஜியாரின் பின்னால் காகிதக் கோப்பு ஒன்றை அணைத்துக்கொண்டு, அவர் வாக்களிக்கும் வேலைகளைக் குறித்துக்கொள்ளும் இணைப்பாளர் நின்றார். ஷிப்லிக்குக் கிடைத்தது ஹாஜியாருக்குப் பக்கத்துக் கதிரை.

போட்டி தொடங்கியது. முதற் பாதியில் ஊர் அணி முத்தலிபு கல் இருந்த பக்கம் அடித்தது. கொஞ்ச நேரத்தில் தலைவன் இன்பாஸ் இடது பக்கத்தால் புகுந்து தட்டிவிட்ட பந்து நேரே போய்க் கல்லில் 'ணங்' என்று மோதியது. கோல் விழுந்து சனம் துள்ளியது. சுண்ணாம்பு ஒரு பாளம் கழன்று விழுந்தது.

ஹாஜியார் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "அதில என்ன எழுதியிரிக்கி? 'முத்த'..."

ஷிப்லி தலையைச் சொறிந்தார். "முத்தலிபு எம்பீட பழைய கல்லு ஹாஜி. பலகை இல்லாத குறைக்கு..."

ஹாஜியாரின் முகம் பெருநாள் பிறை கண்டதுபோல் விரிந்தது. "என்ட மச்சான்ட கல்லா? அதிலயா அடிக்கிறானுகள்?" கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். ஹொக்கியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த நிமிசத்திலிருந்து அவரைப்போல ஒரு ரசிகர் அந்தக் கரையிலேயே இருக்கவில்லை. "அடி மகன், அடி. நடுவால அடி."

பிறகு காரைதீவுத் தலைவன் மதுஷன் மறுபக்கம் ஒரு கோல் போட்டான். பந்து தென்னங்குற்றியில் தொப்பென்று விழுந்தது. தன் அணி கோல் வாங்கியதற்கு ஷிப்லி அல்ஹம்துலில்லாஹ் சொன்னது அதுதான் முதல் தடவை.

இடைவேளை முடிந்து அணிகள் பக்கம் மாறின. ஹாஜியார் திடுக்கிட்டார்.

"ஏன் தம்பி நம்மட பொடியன்கள் இந்தப் பக்கம் வாறானுகள்?"

"சட்டம் அப்பிடித்தான் ஹாஜி. ரெண்டாம் பாதி பக்கம் மாத்தோணும்."

"அப்ப முத்தலிபுட கல்லுக்கு ஆர் அடிக்கிற?"

"காரைதீவார்."

அதன்பிறகு மதுஷன் பந்தோடு போகும்போதெல்லாம் ஹாஜியார் எழுந்து நின்று கை தட்டினார். சனம் முதலில் குழம்பியது, பிறகு உருகியது. "பாத்தியா, எதிரணிக்கும் கை தட்டுறாரு. இதுதான்டா இன ஐக்கியம்," என்று பின்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்தார். காரைதீவிலிருந்து வந்த சனமும் திரும்பிப் பார்த்து அவருக்குக் கை கூப்பியது. ஹாஜியார் இரண்டையும் ஏற்றுக்கொண்டார். எதற்கென்று தெரியாமல் கிடைத்த மரியாதையையும் அவர் திருப்பிக் கொடுத்ததில்லை.

ஷிப்லியோ கதிரையின் விளிம்பில் இருந்தார். இன்பாஸ் பந்தை எடுத்துக்கொண்டு அலியார்மரைக்கார் கல்லை நோக்கி ஓடும் ஒவ்வொரு தடவையும் அவருடைய பாதி உடம்பு எழும்பியது, மறு பாதி அதைப் பிடித்து இழுத்தது. வென்றால் கிண்ணம், பட்டால் பஸ் நிலையம்.

கடைசி நிமிசத்தில் ஊர் அணிக்கு ஒரு பெனல்டி கோர்னர் கிடைத்தது. முஸ்தாக் கீபோர்டில் மேளத்தை உருட்டினான். யா அல்லாஹ், கோலாகட்டும், ஆனால் குற்றியில் படட்டும் என்று ஷிப்லி உள்ளுக்குள் கேட்டுக்கொண்டார். பந்தை உள்ளே தள்ளினார்கள், ஒருவன் நிறுத்தினான், இன்பாஸ் வீசி அடித்தான்.

'ணங்.' சுத்தமான பஞ்சமம்.

சுண்ணாம்பு முழுவதும் ஒரே தகடாகக் கழன்று விழுந்தது. 'அல்ஹாஜ் அலியார்மரைக்கார் அவர்களால்' என்ற பொன் எழுத்துக்கள் பின்னேர வெயிலில் பளிச்சென்று வந்தன. சத்தம் போட வாயெடுத்த சனம் அப்படியே நின்றது. முஸ்தாக்கின் விரல்கள் கீபோர்டுக்கு மேலே அந்தரத்தில் நின்றன.

ஹாஜியார் எழுந்தார். மைதானத்துக்குள் இறங்கி நடந்தார். பின்னால் ஷிப்லி, அவருக்குப் பின்னால் கோப்போடு இணைப்பாளர். கல்லுக்கு முன்னால் குந்தி, பொன்னாடையின் முனையால் மிச்சச் சுண்ணாம்பைத் துடைத்தார்.

"இது என்ட கல்லு."

"ஓம் ஹாஜி."

விரலால் பெயரைத் தடவினார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "எந்தக் கல்லுல கூட கோல் விழுந்திரிக்கி? இதிலயா, முத்தலிபுட கல்லுலயா?"

ஷிப்லி ஒரு கணம்தான் யோசித்தார். "இதிலதான் ஹாஜி. முத்தலிபுட கல்லுக்குச் சுருதியும் காணா. நம்மட பொடியன்கள் கிண்ணம் வெல்ற கோல் எல்லாம் உங்கட கல்லுலதான்."

ஹாஜியார் நிமிர்ந்தபோது முன்பிருந்ததைவிட உயரமாகத் தெரிந்தார். நேரே மைக்குக்குப் போனார்.

"அன்பான மக்களே, கல்லு வெச்சான், கட்டடம் எங்க எண்டு சிலர் கேட்டாங்க. இன்டைக்குக் கண்ணால கண்டீங்க. நான் வெச்ச கல்லு சும்மா இருக்கல்ல. இத்தினை வருசமா இந்த ஊருக்கு கோல் போட்டுக் கொடுத்துக்கொண்டு இரிக்கி."

சனம் கை தட்டியது. ஷிப்லிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. புதிய கல்லைத் தூக்கிவர அவர் பொடியன்களுக்குக் கண்ணைக் காட்டினார். ஆனால் ஹாஜியாருக்கு மெய்யாகவே மனசு இளகிவிட்டிருந்தது.

"இனி நான் உங்கள ஏமாத்தமாட்டன். ரெண்டு மாடி மண்டபம். கீழ முழுக்கக் கடைத்தொகுதி. காசு ஒதுக்கியாச்சு. திங்கக்கிழம வேல தொடங்குது. இது சத்தியம்."

இணைப்பாளர் கோப்பைத் திறந்து கணக்காக எழுதத் தொடங்கினார். ஷிப்லி ஹாஜியாரின் முகத்தை உற்றுப் பார்த்தார். இந்த மனிதர் பொய் சொல்லும் முகம் அவருக்கு நன்றாகத் தெரியும். இது அந்த முகம் இல்லை. ரெண்டு மாடியும் கடைத்தொகுதியும் வந்தால் மைதானத்தில் மிஞ்சப்போவது மோட்டார் சைக்கிள் நிறுத்துகிற இடம்தான். வாக்குறுதியை நிறைவேற்றாத அரசியல்வாதிகளைப் பற்றி எத்தனை வெள்ளிக்கிழமை எழுதித் தள்ளியிருப்பார். நிறைவேற்றுகிறவனைச் சமாளிப்பது எப்படி என்று ஒரு வரி யோசித்து வைக்கவில்லையே.

ஓடிப்போய் மைக்கின் வாயைக் கையால் பொத்தினார்.

"ஹாஜி, ரெண்டு மாடியா? அது முத்தலிபுவும் சொன்னதுதானே. உங்கட தரத்துக்கு இது காணுமா?"

"அப்ப?"

"ஸ்டேடியம் ஹாஜி. சர்வதேச ஸ்டேடியம். நீல விரிப்பு, ராவைக்கு வெளிச்சம், பத்தாயிரம் சனம் இருக்கிற மாதிரி."

ஹாஜியார் கடலைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே ரெண்டு மாடி இடிந்து விழுந்துவிட்டது. ஷிப்லி கையை எடுத்தார்.

"மண்டபம் இல்ல மக்களே. சர்வதேச ஸ்டேடியம். இருவதாயிரம் பேர் இருக்கலாம்." கை தட்டல் எழும்பியது. "நீச்சல் தடாகமும் வரும்." கடலிலிருந்து கல்லெறி தூரத்தில் நின்ற சனம் அதற்கும் தட்டியது. "ஹெலிகொப்டர் இறங்குற இடமும் வரும்."

ஒவ்வொன்றும் வர வர ஷிப்லியின் நெஞ்சு இலேசாகிக்கொண்டு போயிற்று. ஹெலிகொப்டர் வந்ததும் அவரும் எழுந்து நின்று தட்டினார். இணைப்பாளர் பெருமூச்சோடு கோப்பை மூடி, பேனையைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

கொண்டுவந்திருந்த சின்னக் கல்லை இப்போதைக்கு வைப்போம், பெரிய கல் மறுகா வரும் என்று ஹாஜியார் சொன்னார். பிஸ்மி சொல்லி, மைதானத்து ஓரத்தில் கல் இறங்கியது. இந்த முறை யாரும் கிளப்பாதபடி ஷிப்லி தன் கையால் இரண்டு சட்டி சீமெந்து கூடுதலாகப் போட்டார்.

வாகனங்கள் போன பிறகு, அடிபட்ட காலை நீட்டிப் போட்டுக் கிண்ணத்தில் சோடா ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்த இன்பாஸ் கேட்டான்: "நானா, ஸ்டேடியம் கட்டுறெண்டா நாம அதுவரைக்கும் எங்க விளையாடுற?"

"இஞ்சதான்டா. உன்ட புள்ளையும் இஞ்சதான் விளையாடும். போய்க் கால்ல மருந்தப் பூசு."

காரைதீவுப் பொடியன்கள் வேனில் ஏறினார்கள். மதுஷன் மட்டும் மட்டையைத் தோளில் போட்டபடி திரும்பி வந்தான். தோற்ற கவலையை அவன் முகத்தில் காணவில்லை. வேறேதோ யோசனை இருந்தது.

"ஷிப்லி நானா, ஒரு உதவி. எங்கட மைதானத்திலயும் சந்தை கட்டப்போறாங்களாம் எண்டு கதைக்கிறாங்க. உங்கட ஆள அங்கயும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு வர ஏலுமா? கல்லு நாங்களே எடுப்பம்."

"அவர் வருவார் தம்பி," என்றார் ஷிப்லி, கையில் காய்ந்திருந்த சீமெந்தை உரித்துக்கொண்டு. "ஆனா கேக்கேக்குள்ள ஸ்டேடியம் எண்டு கேளுங்க. சின்னதா ஒண்டையும் கேட்டுராதீங்க, மெய்யாவே கட்டிருவாங்க."