கிழியாத பட்டை

ரங்கூனில் நர்கிஸ் புயல் அடித்துப் போய் ஒரு வருஷம் ஆகியும் சுமதியின் மேல்மாடி வீட்டுக்குக் கூரை என்று ஒன்று இல்லை. நீலத் தார்ப்பாய்தான். மழை வந்தால் சட்டி பானையெல்லாம் தரைக்கு இறங்கிவிடும். தகரம் போட்டுத் தாருங்கள் என்று எத்தனை பேரிடம்தான் கெஞ்சுவது?

அப்போதுதான் தொண்டுக் குழுக்காரன் தியாகராசன் அவர்கள் பேட்டையான மிங்கலா தாங்ஞுன்டுக்கு வந்தான். இடியும் நிலையிலுள்ள கட்டடங்களைக் குடியிருப்பவர்களே குறித்துக் கொடுக்க வேண்டுமாம். எல்லாவற்றையும் சேர்த்து நகரத்துக்கே ஒரு படம் போடுவார்களாம். சுவர் விரிசலுக்குக் குறுக்கே காகிதப் பட்டையை ஒட்டித் தேதி போட வேண்டும். மூன்று மாதத்தில் அது கிழிந்தால் சுவர் நகர்கிறது என்று அர்த்தம், படத்தில் சிவப்புப் புள்ளி. கிழியாவிட்டால் பச்சை. எட்டு வீடு கொண்ட அந்தக் கட்டடத்துக்குக் கணக்கெடுப்பு சுமதியின் தலையில் விழுந்தது.

"சிவப்பு விழுந்தா என்ன குடுப்பாங்க, கோ தியாகு?" என்று கேட்டாள் சுமதி. ஆணுக்குக் கோ, பெண்ணுக்கு மா, அது பர்மிய மரியாதை.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுக்கா. படத்தை ஆபீசுக்கு அனுப்புவோம். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்றால் சனம் சும்மா விடுமா? அடுத்த தெருவில் சிவப்பு வீடுகளுக்கெல்லாம் தகரம் வந்ததாமே என்று குழாயடியில் யாரோ கிளப்பிவிட்டார்கள். யார் கண்டது? ஆனால் எல்லோருக்கும் கேட்டுவிட்டது.

மூன்று மாதம் முடிந்த காலையில் சுமதி தன் வீட்டுச் சுவரைப் பார்த்தாள். பாழாய்ப்போன பட்டை ஒட்டினது ஒட்டினபடி இருந்தது. கட்டைவிரல் நகத்தை வைத்து ஒரே இழுப்பு. பிறகு மற்ற வீடுகளுக்கு இறங்கினாள். எல்லார் வீட்டிலும் பட்டை கிழிந்திருந்தது, எல்லாம் நேர்கோட்டில், நகம் பட்ட கிழிசல். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கீழ்த்தளத்தில் வெற்றிலைக் கடை வைத்திருக்கும் பீர் முகைதீன் பாயின் பட்டை மட்டும் முழுசாக இருந்தது.

"இருக்கிறபடியே எழுதும்மா," என்றார் அவர்.

எழுதினாள். ஏழு சிவப்பு, ஒரு பச்சை.

இரண்டு மாதம் கழித்தும் தகரம் வரவில்லை. வாசல் கதவில் ஒரு நோட்டீஸ் வந்தது. கட்டடம் ஆபத்தானது, பதினைந்து நாளில் காலி செய்ய வேண்டும், ஊருக்கு வெளியே மனை தரப்படும். பஸ்ஸில் போனால் ஒன்றரை மணி நேரம். ஏழு சிவப்புக்கு நடுவே ஒரு பச்சையை எந்த ஆபீசர் பார்க்கப் போகிறார்?

சுமதி தியாகராசனைத் தேடிப் போய் உடைத்தே சொன்னாள். "நான்தான் கிழிச்சேன். எல்லாருந்தான் கிழிச்சாங்க. சுவரு நல்லாத்தான் இருக்கு."

"படம் போயிடுச்சேக்கா," என்றான் அவன்.

அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. வீட்டுக்கு வந்து சோறு வடித்தாள், பிள்ளைகளுக்குப் போட்டாள், மூட்டை கட்டினாள்.

இடிக்கிற அன்று, விட்டுப்போன அம்மிக்கல்லை எடுக்க வந்தாள். மேல்மாடிகள் போயிருந்தன. கீழ்த்தளத்துச் சுவர்தான் அசைந்து கொடுக்கவில்லை. இரண்டு ஆட்கள் மாறி மாறிச் சம்மட்டி போட்டும் காரைதான் உதிர்ந்தது. "என்னத்தக் கட்டித் தொலைச்சானோ வெள்ளக்காரன்!" என்று திட்டிக்கொண்டே ஒருவன் மற்றவனையும் கூட்டிக்கொண்டு எதிர்க் கடைக்கு டீ குடிக்கப் போனான்.

அந்த இடைவெளியில், ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த பாய் தன் கடைச் சுவரருகே போனார். தண்ணீர் தொட்டுத் தொட்டுப் பட்டையை நனைத்து, ஓரம்கூடக் கிழியாமல் உரித்தெடுத்தார். ஊதிக் காயவைத்துக்கொண்டு சுமதியிடம் வந்தார். கோபம் துளியும் இல்லை. அவருக்கு நிஜமாகவே தெரியாது.

"இதை எந்த ஆபீசுல காட்டணும், மா சுமதி?"

அவள் அம்மிக்கல்லை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். நகம் தெரியாதபடி கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு பாய் என்றாள்.