பாசி மொளகூட்டல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நான்கில் எனக்கு எர்ணாகுளத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. காலையில் மட்டாஞ்சேரி ஜெட்டியில் படகேறும்போது கையில் பித்தளைத் தூக்கு, தலையில் ஒரு முழம் பிச்சிப்பூ. என்ன ஜம்பம் எனக்கு! அந்த நாளெல்லாம் திரும்ப வருமா?

கடற்பாசியைக் காயவைத்துப் பொடித்து, ஆல்கஹாலில் ஊறவைத்துச் சாறெடுப்பேன். அதை ஊசியில் ஏற்றியதில் மூன்று எலிகளுக்குப் புற்றுக்கட்டி சுருங்கியது. என் ஓட்டைவாய் சும்மா இருக்குமா? வீட்டுக்கு வந்ததும் விசாலாக்ஷி அக்காவிடம் கொட்டிவிட்டேன். அவள் மார்பில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. உடனே அறுத்தெடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியும், நாள் பார்க்கிறேன், நட்சத்திரம் பார்க்கிறேன் என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தாள்.

ஆராய்ச்சிக்கூடத்தில் இடமில்லாததால் பாசியை எங்கள் முற்றத்தில், வடாத்துக்குப் பக்கத்தில் பழைய வேஷ்டியில் விரிப்பேன். அது நாளுக்கு நாள் குறைந்தது. காக்காயைத் திட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுக்களையில் வெண்கல உருளியைத் திறந்தால், தேங்காய் அரைத்துவிட்ட மொளகூட்டல். கீரைக்குப் பதில் என் பாசி! மீன் வாடை அடிக்கிறது என்று என்னைக் குளிக்காமல் அடுக்களைக்குள் விடாத மகராசி, ஒரு மாதமாக அதைத் தின்றிருக்கிறாள்.

"அக்கா, நோக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

"எலிக்குப் பலிச்சுதுன்னு நீதானேடி சொன்னே?"

"ஊசியிலே குடுத்தது! அதுவும் இருபதிலே மூணு. பாக்கி பதினேழும் செத்துப்போச்சு, கேட்டயா!"

அந்தப் பதினேழை நான் முன்பு சொல்லவே இல்லை. நல்லதை மட்டும் சொல்லிப் பீற்றிக்கொண்ட பாவி நான்தான்.

"கத்தின்னா நேக்குப் பேடிடி, பயம்மா இருக்குடி," என்று அக்கா விசும்பினாள். நானும் அழுதேன். மறுநாள் திங்கட்கிழமை, காலை ராகுகாலத்திலேயே அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஒரு மார்பு போயிற்று. அக்கா பிழைத்தாள்.

இரண்டு வருஷம் கழித்து அடுத்த வீட்டுக் கங்கா வந்தாள். அவளுக்கும் கட்டி.

"மாமி, அந்தப் பாசி கொஞ்சம் தருவேளா? உங்களுக்கு அதுலதானே சொகமாச்சு?"

ஊரில் கதை அப்படிப் பரவியிருந்தது. நான் வாய் திறப்பதற்குள் அக்கா எழுந்து கதவைச் சாத்தினாள். கூடப்பிறந்த என் எதிரில்கூட ரவிக்கை மாற்றாதவள், ஒவ்வொரு கொக்கியாகக் கழற்றினாள். கங்காவின் கையை இழுத்துத் தழும்பின்மேல் வைத்துக்கொண்டாள்.

"இதுலதான் சொகமாச்சு. நாளைக்குக் காலம்பற கிளம்பு, நானும் கூட வரேன்."