சம்பூரில் தங்கிய குரல்

குணமணியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அவருடைய குரல் கூடப் போகவில்லை. சம்பூர் வீட்டிலேயே நின்றுவிட்டது. 2006இல் போரால் ஊரே இடம்பெயர்ந்தபோதும் அப்படித்தான் நடந்தது. முகாமில் கழிந்த வருடங்களில் அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. மீள்குடியேறிக் காணிக்குள் கால் வைத்ததும், விட்ட இடத்திலிருந்தே ஆட்டைத் திட்டத் தொடங்கினார். அதனால் மகன் ரஜீவன் இம்முறையும் பதறாமல், குசினிக்குள் அடுப்படியில் குரல் கேட்கும்போதெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

வார்ட்டில் குணமணியைப் பார்த்த தாதி, கிண்ணியாவைச் சேர்ந்த சுஹைரா. வயிற்றுப் புற்று முற்றிவிட்டது, இனி நோவைத் தணிக்கலாம், அவ்வளவுதான் என்று டொக்டர் சொல்லியிருந்தார். நோகிறதா என்று கேட்டால் குணமணி வாயைத் திறந்து மூடுவார். முனகலும் வராது. அமைதியான நோயாளி என்றார்கள். மருந்தும் அந்த அளவுக்கே கொடுத்தார்கள். ஒருநாள் பார்வையாளர் நேரத்தில் ரஜீவன் சுஹைராவிடம் வந்தார்.

“அம்மா வீட்டில அழுதுகொண்டே இருக்கிறா, மிஸ்” என்றார்.

சுஹைரா ஓய்வு நாளில் பஸ் பிடித்து மூதூர் வழியாகச் சம்பூருக்குப் போனார். ஆளில்லாத குசினியில் கதிரை போட்டு உட்கார்ந்தார். முதுகின் அடியில் நெருப்பு எரிகிறது என்றது குரல். இடது பக்கம் படுக்கவிட வேண்டாம் என்றது. காலையில் இடது பக்கம் திருப்பிப் படுக்க வைப்பவர் சுஹைராதான். பிறகு, வீட்டுக்கு வர விருப்பமா என்று கேட்டார்.

“நான் வீட்டிலதானே பிள்ளை இருக்கிறன். மிச்சத்தைக் கூட்டிக்கொண்டு வா.”

டொக்டரோடு கதைத்து, நோவுக்கான மருந்தோடு அவரே குணமணியைக் கூட்டிவந்தார். வாசலைத் தாண்டும்போது உதடும் குரலும் ஒன்று சேர்ந்தன. சுஹைரா லீவு போட்டுப் பக்கத்தில் இருந்தார். மாரி தொடங்கும் வரை குணமணி நோவு தணிந்து, கதைத்தபடி இருந்தார். ஒரு காலையில், ஆடுகளை மழையில் விட வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார்.

சுஹைரா அரசாங்க வேலையை விட்டார். பென்ஷன் உள்ள வேலையை யாராவது விடுவார்களா என்று கணவர் றுவைஸ் கேட்டார்.

“வார்ட் முழுக்கச் சத்தமில்லாமக் கெடக்காங்க. நிம்மதியா இருக்காங்கண்டு நானும் நெனச்சிட்டன்” என்றார் சுஹைரா.

இப்போது கிண்ணியாவிலும் தம்பலகாமத்திலும் நோயாளிகளைப் பார்க்கச் சுஹைராவை வீட்டுக்குக் கூப்பிடுகிறார்கள். கூட வேலை செய்த லோஜினியும் வேலையை விட்டு வந்துவிட்டார். இன்று லோஜினி உப்புவெளியில், முத்துலிங்கம் என்பவரின் அறையில் கட்டிலில் படுக்கை விரித்துக்கொண்டிருக்கிறார். முத்துலிங்கம் இன்னும் வார்ட்டிலிருந்து வரவில்லை. வெயில் படுகிறது என்று கட்டிலைத் தள்ளிப் போடச் சொன்னது அவர் குரல். லோஜினி தள்ளிப் போட்டார்.



“உங்கட மிச்சத்தை ஏத்திக்கொண்டு வான் வெளிக்கிட்டுட்டுது, ஐயா” என்றார், போனை வைத்துவிட்டு.

ஓம், வரட்டும் என்றது குரல்.