கழிசல்

ஒரு பெண்ணின் எதிர்காலம் என்ன விலை என்று கேட்டால் தராசு யோசிக்காமல் சொல்வாள்: ஒரு பேருந்து இருக்கை. ஜன்னல் ஓரம்கூட இல்லை; டயருக்கு மேலே, காலை நீட்ட முடியாத இருக்கை. இருபது வருஷத்துக்கு முன்னால் இந்தப் பள்ளிக்கூட வாசலில் அவளுடைய எதிர்காலம் அந்த விலைக்குத்தான் போனது. விற்றவர் கணக்கு வாத்தியார்.

வெங்காய மண்டிக்காரர் மகள் என்பதால் வகுப்பில் அவளுக்குத் தராசு என்று பெயர். பல்கலைக்கழகத்தைச் சுற்றிக் காட்ட அன்று பேருந்து வந்திருந்தது. படியில் கால் வைத்தவளைக் கணக்கு வாத்தியார் இறக்கினார்.

"நீ கழிசல்மா. உன்னக் கூட்டிட்டுப் போனா பள்ளிக்கூடத்துக்குத்தான் கேவலம். எல்லார் பையையும் பாத்துக்கிட்டு இங்கயே உக்காரு."

தரம் பிரித்து ஒதுக்கித் தள்ளுகிற சரக்குக்கு மண்டியில் கழிசல் என்று பெயர். அப்பன் தொழிலில் இருந்தே கல்லெடுத்து மகளை அடித்தார் மனுஷர். சாயங்காலம் வரை அவள் பைகளுக்குக் காவல் இருந்தாள்.

அப்புறம் விழுந்து எழுந்து, தபால் வழியில் பட்டம் வாங்கி, அதே பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்து, இன்று அதே பேருந்துக்குப் பொறுப்பாளராக வந்து இறங்கினாள். வீட்டில் ஒருவருமே கல்லூரி வாசலை மிதிக்காத பிள்ளைகளைத் தேடிப் பிடிப்பது அவள் வேலை. இன்று பேருந்தில் ஏறுகிற பிள்ளைக்குச் சனிக்கிழமை வகுப்பு உண்டு, பள்ளி முடித்ததும் கட்டணமில்லாமல் ஓர் இடமும் உண்டு. ஏறாத பிள்ளைக்கு இரண்டும் இல்லை.

கணக்கு வாத்தியார் இப்போது தலைமையாசிரியர். தலை நரைத்திருந்தது, நாக்கு நரைக்கவில்லை. அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை.

"வாங்க மேடம், வாங்க! நாப்பது பேரு, எல்லாம் முதல் தரம். கண்ண மூடிக்கிட்டு ஏத்திக்கலாம்." மைதானத்தில் பிள்ளைகள் இஸ்திரி மடிப்புக் கலையாமல் நின்றார்கள்.

"கண்ண மூடிக்கிட்டு வாங்குனா எங்கப்பா திட்டுவாரு சார்" என்று சிரித்தாள் தராசு. மூட்டையின் வாயில் நல்லதாக அடுக்குவது விற்கிறவன் சாமர்த்தியம். அடிவரை கையை விட்டுப் பார்ப்பது வாங்குகிறவன் சாமர்த்தியம். அவள் கையை விட்டாள்.

"உங்க வீட்ல யாராவது காலேஜ் போயிருந்தா கையத் தூக்குங்க."

கள்ளம் தெரியாத பிள்ளைகள். இரண்டு பேரைத் தவிர எல்லோரும் பெருமையாகக் கை தூக்கினார்கள்.

"கடைசி செக்‌ஷன், இ பிரிவுப் பிள்ளைங்க எங்க சார்?"

"அதுங்களா? சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னாடி. அது கழிசல் மேடம், உங்க நேரந்தான் வீணாகும்."

வயசானவர், போகட்டும் என்று பாதி மனசு அதுவரை தள்ளுபடி கொடுத்திருந்தது. அந்த ஒரு வார்த்தையில் தள்ளுபடி ரத்து. வட்டியும் சேர்ந்தது.

ஷெட்டுக்குப் பின்னால் இருந்த அறையில் மின்விசிறிக்குப் பதில் அது தொங்கவேண்டிய கொக்கி தொங்கியது. "எல்லாரும் கெளம்புங்க" என்றதும் ஒருத்தி எழுந்தாள். "அக்கா, ரூம் மாறி வந்துட்டீங்களா?"

"இல்ல, சரியாத்தான் வந்திருக்கேன்."

"ஏத்திட்டு அப்புறம் எறக்கி விட்ற மாட்டீங்களே?"

தராசு கதவை இன்னும் அகலமாகத் திறந்து பிடித்தாள். பின்னாலிருந்து ஒரு குரல் எழுந்தது: "அக்கா, நான் வாந்தி எடுப்பேன், ஜன்னல் சீட் எனக்கு!"

அதே கேள்விக்கு ஒரு கையும் எழாத இ பிரிவு முழுக்க ஏறியது; மைதானத்தில் கை தூக்காத இருவரும் ஏறினார்கள். தலைமையாசிரியர் மூச்சு வாங்க ஓடிவந்தார். ஒரு கையில் பேத்தியைப் பிடித்து இழுத்து வந்தார்.

"இவ ஒருத்திய மட்டுமாவது ஏத்திக்கோங்க மேடம். இவங்கம்மாவே உங்க யுனிவர்சிட்டிலதான் படிச்சா."

"அப்ப வீட்லயே வழி தெரிஞ்சவங்க இருக்காங்க சார். தானா வந்துருவா."

ஓட்டுநர் தலையை நீட்டினார். "அம்மா, டயருக்கு மேல ஒண்ணு காலியாத்தான் இருக்கு."

இடம் மிஞ்சினால் யாரையும் ஏற்றலாம் என்று விதி இருந்தது. அந்த விதியை எழுதியவளே தராசுதான்.

"காலியாவே இருக்கட்டும்ணே" என்றாள். பிறகு உள்ளே திரும்பி, "பிள்ளைங்களா, பையெல்லாம் இங்கயே எறக்கி வைங்க" என்றாள். ஜிப்பு போனதும் வார் அறுந்ததுமாகப் பைகள் வாசலில் குவிந்தன.

"சார், சாயங்காலம் வரைக்கும் எல்லார் பையையும் பாத்துக்கிட்டு இங்கயே உக்காருங்க."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். முகம் ரத்தம் சுண்டி வெளுத்தது. "நீ... அந்த வெங்காயக் கடைக்காரர் பொண்ணு..."

"கழிசல் சார். பேரைச் சரியாச் சொல்லுங்க."

இந்த வாக்கியத்தை இருபது வருஷமாகத் தீட்டி வைத்திருந்தாள். வெட்டியது. இனித்தது.

பேருந்து நகர்ந்தது. கண்ணாடியில் பார்த்தாள்: பைக் குவியலின் பக்கத்தில் கிழவர் நின்றார். பேத்தி குவியல்மேலேயே உட்கார்ந்து, தன் பையின் வாரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பேருந்தையே பார்த்தாள். அப்படி வாரைப் பிடிப்பது எப்படியிருக்கும் என்று தராசின் விரல்களுக்குத் தெரியும்.

மனசுக்குள் கணக்கை முடித்தாள். கிழவர் தரவேண்டியது, வட்டியோடு வரவு. அவர் பற்றுக்கணக்கு நேர். டயருக்கு மேலே ஒரு காலி இருக்கை. அதையும் கிழவர் பெயரில் எழுதப் பார்த்தாள், எழுதவில்லை. தன் பெயரிலேயே எழுதினாள்: பாக்கி, ஒன்று.