பட்டை வாசம்

இன்னும் இரண்டு மணி நேரம், அதற்குள் மாமனார் படத்துக்கு முன்னால் இலை போட்டாக வேண்டும், ரவாங்கிலிருந்து சொந்தக்காரர்கள் எல்லாரும் கிளம்பிவிட்டார்களாம், கிளம்பட்டும், வந்து உட்கார்ந்து ஆட்டுக்கறியில் கிடக்கும் பட்டையை இலையோரம் ஒதுக்கிவிட்டு, வாசத்தைப் பாத்தியா, சிலோன் பட்டைலா, என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளட்டும்... சிலோன் பட்டையாம். கிள்ளான் கடையில் வாங்கிய தடித்த ஒற்றைச் சுருள், வெறும் கேசியா என்ற மலிவுப் பட்டை, சிலோன் பட்டை என்றால் உள்ளே அடுக்கடுக்காகச் சுருட்டு மாதிரி இருக்கும். தாமரை இதைச் சொன்னதில்லை. வேதியியல் படித்த மருமகள் வாய் திறந்தால் திமிர், திறக்காவிட்டால் ஊமைக்கோட்டான்.

எண்ணெய் காய்ந்தது, பட்டையைப் போட்டாள். படையல் சமையலை ருசி பார்க்கக் கூடாது, செத்தவருக்கு எச்சில் ஆகாது, வாசத்தை வைத்துத்தான் பக்குவம் பார்க்க வேண்டும், என்ன ஒரு பரிசோதனை முறை! மற்ற நாளில் உப்பு, புளிப்பு, காரம் நாக்குக்குத் தெரியும், அதை வைத்துச் சமாளித்துவிடுவாள், இன்று அதுவும் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் கோவிட் காய்ச்சலோடு போன வாசனை திரும்பவே இல்லை என்று ஆறு மாதமாகத் தாலி கட்டி வாழும் கமலநாதனுக்கே தெரியாது. "தாமர, பட்டை வாசம் வந்துருச்சா?" கூடத்திலிருந்து அவன் அம்மா புஷ்பவல்லி. "வந்துருச்சு அத்தை." யோசிக்காமல் வரும் பொய். பட்டைக்கு ஒரு கேள்வி, வெங்காயத்துக்கு ஒன்று, கறிக்கு ஒன்று, எம் மூக்குக்கு எதுவும் தப்பாதுலா என்று தாமான் குடியிருப்பு முழுக்கப் பெருமை வேறு. தெரிந்தால் அதே வாய் என்ன சொல்லும்? குறைய மறைச்சுக் கட்டி வச்சுட்டாங்க... ரவாங் வரைக்கும் போகும், அவளைப் பெற்ற அம்மா எப்படி வெளியே தலை காட்டுவாள்... ஐயோ, பட்டை. கரி. சட்டியிலிருந்து புகை. நிமிர்ந்தால் பக்கத்தில் அத்தை, இரண்டு கண்ணிலும் புரை, அடுத்த மாதம் ஆபரேஷன், குனிந்து மூச்சை இழுக்கிறார். தொலைந்தது.

"ஆஹா, என்னா வாசம்! இப்படித்தான்லா இருக்கணும்."

கரிக்கட்டைக்கு ஆஹாவா? கேலியோ? அந்த மங்கிய கண்ணில் கேலி இல்லை, ஆமாம் சொல்லேன் என்பது மாதிரி ஒரு காத்திருப்பு... அப்படியானால் இந்த மூக்குக்கும் வாசம் தெரியாதா? அதனால்தான் ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொண்டே இருந்தாரா? சே, எவ்வளவு மட்டமான நடிப்பு, இதற்கா இத்தனை நாள் நடுங்கினாள், சிரித்துவிடலாம், ரவாங்காரர்கள் முன்னால் ஒரு வார்த்தை போதும்... அவளுடைய நடிப்பு மட்டும் என்ன உசத்தி? தாமரை அடுப்பை அணைத்தாள்.

"கருகிப்போச்சு அத்தை. எனக்கு வாசமே தெரியாது. கல்யாணத்துக்கு முன்னாலருந்தே."