கை வைத்த வால்வு

சர்க்கரை ஆலையில் இருந்தவரை ஃபிட்டரின் கைக்குத் தனி மரியாதை இருந்தது. ஆலை ஓடிக்கொண்டிருக்கும்போதே எங்கேயாவது நீராவி கசிந்தால் அவனைத்தான் தேடுவார்கள். வருவான், காது கொடுத்துக் கேட்பான், ஸ்பேனரை மாட்டி ஒரு திருகு திருகுவான், கசிவு நின்றுவிடும். யாரிடமும் அனுமதி கேட்க மாட்டான். கேட்டால் அவனுக்கே அது கௌரவக் குறைச்சல். அரவை நின்றால் எல்லார் தலையும் உருளும் இடத்தில் அப்படித்தான் இருக்க முடியும். பிறகு ஒருநாள் அரவை ஒரேயடியாக நின்றுபோனது. ஆலைக்குப் பூட்டுப் போட்டார்கள், அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் ஃபிட்டர் வீட்டில் உட்கார்ந்திருந்தான்.

அவன் மனைவியின் அண்ணன் அணுமின் நிலையத்தில் பராமரிப்புக் குழு ஒன்றின் தலைவர். தங்கை பலமுறை கெஞ்சிய பிறகுதான் மனம் இறங்கினார். அதுவும் சும்மா இறங்கவில்லை. வீட்டில் எல்லாரும் இருக்கும்போது, தன் பெயரைப் பணயம் வைத்து இந்த மாப்பிள்ளையை உள்ளே கொண்டுபோவதாகவும், ஏதாவது ஏடாகூடமானால் முதலில் தன் கழுத்துக்குத்தான் கத்தி வரும் என்றும் சொன்னார். இத்தனை வருடம் ஆலையே அவன் வாசலில் வந்து நின்றதைப் பார்த்த மனுஷனுக்கு இது எப்படி இருந்திருக்கும்? பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினான். மச்சான் வீட்டு மாடிக்கே குடி வந்ததில் அவன் பெருமையில் மிச்சம் இருந்ததும் படியேறும்போதே கழன்றுவிட்டது.

பூர்வீகம் விசாரித்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், தேர்வு வைத்தார்கள். நாற்பதைத் தாண்டியவன் இருபது வயதுக்காரர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து படித்தான். அணுவைப் பற்றி ஏதோ பெரிதாகச் சொல்லித்தருவார்கள் என்று பயந்து போனவனுக்கு அங்கே தலைகீழாக இருந்தது. சுற்றிச் சுற்றி ஒரே பாடம்தான்: கை வைக்காதே. எந்த வால்வாக இருந்தாலும் அதில் தொங்கும் பலகையை விரலால் தொட்டு எண்ணை உரக்கப் படிக்க வேண்டும். கூட இருப்பவன் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு கையிலுள்ள செயல்முறைத் தாளில் அந்த வேலை எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எழுதியிருந்தால்தான் ஸ்பேனர். எழுதாததைச் செய்தால் அது நல்ல வேலையாகவே இருந்தாலும் குற்றம். வாய்ப்பாடு ஒப்பிக்கும் பள்ளிக்கூடம் என்று ஃபிட்டர் உள்ளுக்குள் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் அவனுக்கு வினையாகப் போகிறது என்று யார் கண்டது.

குழுவில் யாருக்கும் அவனைப் பிடிக்கவில்லை. முதல் நாளே 'சக்கரை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பாரம் தூக்கும் சங்கிலிகளைக் கவனிக்கும் ஆளை எல்லாரும் கொக்கி என்பார்கள். அவன்தான் இதில் முன்னோடி. "சக்கரை வந்தாச்சு, கூடவே பிபி எப்ப வருது?" என்று தினமும் கேட்பான், தினமும் எல்லாரும் புதிதாகக் கேட்டதுபோல் சிரிப்பார்கள். தன் தம்பிக்கு என்று அவன் நினைத்து வைத்திருந்த இடத்தில் ஃபிட்டர் வந்து உட்கார்ந்துவிட்ட ஆத்திரம் அது. பலகை எண்ணை ஃபிட்டர் உரக்கப் படித்தால் கொக்கி திருப்பிச் சொல்ல மாட்டான். காதில் விழவில்லை என்பான். மறுபடி படித்தால் இன்னும் சத்தமாக என்பான். இயந்திர இரைச்சலுக்கு நடுவே தொண்டை கிழியக் கத்த வைத்துவிட்டு, கடைசியில் கொட்டாவி விட்டுக்கொண்டு திருப்பிச் சொல்வான். விதிப்படி அதில் ஒரு குறையும் கிடையாது. சாப்பாட்டு மேசையில் ஃபிட்டர் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலிகள் காலியாகும். மச்சானும் அதே அறையில்தான் சாப்பிடுவார். ஒருநாள்கூட நிமிர்ந்து பார்த்ததில்லை.

எல்லாவற்றையும் அவன் விழுங்கிக்கொண்டதற்கு ஒரே காரணம், தகுதிகாண் காலம் முடிய இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. பராமரிப்பு மேலாளர் அம்மா கையெழுத்துப் போட்டால் நிரந்தர நுழைவு அட்டை கிடைக்கும். அட்டை கிடைத்த மறுநாளே மச்சான் வீட்டு மாடியைக் காலி செய்துவிடுவதாக மனைவியிடம் சொல்லி வைத்திருந்தான். அவளும் வேறு வீடு பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

அப்படி இருக்கும்போதுதான் அது நடந்தது. கொக்கியும் அவனும் பம்பு அறையில் ஒரு குழாய்த் தாங்கியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். கொக்கி எதையோ எடுத்து வர வெளியே போனான், போனவன் வேண்டுமென்றே நேரம் கடத்தினான். சும்மா நின்ற ஃபிட்டரின் காதில் ஒரு சொட்டுச் சத்தம் விழுந்தது. மோட்டார் வைத்த பெரிய வால்வு ஒன்றின் தண்டுப் பக்கம் தண்ணீர் கசிந்து சொட்டியது. கீழே ஒரு பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பக்கத்தில் ஓர் அட்டை: கவனிப்பில் உள்ளது, தொடாதே.

ஃபிட்டருக்குச் சிரிப்பு வந்தது, கூடவே எரிச்சலும் வந்தது. ஒரு திருகில் நிற்கிற கசிவுக்கு பாட்டில் கட்டி, அட்டை எழுதி, ஷிஃப்டுக்கு ஓர் ஆள் வந்து அளந்துகொண்டு போகிறானாம். இந்த லட்சணத்தில் இவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். கை அரித்தது என்பது வெறும் பேச்சுக்குச் சொல்வது இல்லை, உண்மையிலேயே உள்ளங்கை அரித்தது. ஸ்பேனரை மாட்டி, தண்டைச் சுற்றியிருந்த அடைப்பை இறுக்கும் நட்டை லேசாகத் திருகினான். சொட்டு நின்றது. அங்கே வந்து சேர்ந்ததிலிருந்து அன்றைக்குத்தான் அவன் மனம் நிறைந்தது. கொக்கி திரும்பி வந்தபோது ஸ்பேனர் பழையபடி இடுப்பில் இருந்தது.

அந்த வால்வு எதற்கு என்று அவனுக்குத் தெரியாது. ஆபத்து நேரத்தில் தானாக, குறித்த நேரத்துக்குள் மூட வேண்டிய வால்வு அது. அடைப்பை இறுக்கினால் கசிவு நிற்கும், ஆனால் தண்டைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் தொடாமல் அளந்துகொண்டிருந்தார்கள். அடுத்த சோதனையில் வால்வு ஆடி அசைந்து, நேரம் கடந்து மூடியது. சோதனை தோற்றது. நட்டின் மேல் போட்டிருந்த பெயிண்ட் கோடு விலகியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அந்த அறையில் கடைசியாக வேலை செய்தவர்கள் யார் என்று பார்த்தார்கள். வேலைக்குப் பொறுப்பாளன் கொக்கி. அன்று மதியமே அவனுடைய நுழைவு அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, மறுநாள் விசாரணை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். ஃபிட்டரிடமும் கேள்வி வரும் என்று எல்லாருக்கும் தெரியும்.

நெஞ்சைத் தொட்டுச் சொன்னால், கொக்கி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனதைப் பார்த்தபோது ஃபிட்டருக்கு இனித்தது. ஒரு மணி நேரம் நன்றாக இனித்தது. அப்புறம் தொண்டையில் சோறு இறங்கவில்லை.

சாயங்காலம் மச்சான் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஃபிட்டர் படியிறங்கி வந்து நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான். மச்சானின் முகம் வெளுத்தது. குழாயை மூடிவிட்டு, கேட்டைச் சாத்திவிட்டு வந்தார்.

"மாப்ள, வாயத் திறக்காதீங்க. அது கொக்கி செஞ்சதாவே இருக்கட்டும். உங்கள உள்ள கொண்டுவந்தவன் நான்."

"அவன் எனக்கு ஆகாதவன்தான் மச்சான். ஆனா செஞ்சது நானாச்சே."

"அவன் உங்களப் படுத்துன பாட்டுக்கு இது அவனுக்கு வேணும்."

"வேணும்தான். ஆனாலும் நாளைக்குப் போய்ச் சொல்லிடப் போறேன். உங்க பேரு எங்கயும் வராது. எங்கிட்ட நீங்க பேசவே இல்ல, சரியா?"

மச்சான் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு குழாயை மறுபடி திறந்து தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார். சம்மதித்துவிட்டார் என்று ஃபிட்டர் நினைத்துக்கொண்டான். மனுஷனை எடை போடுவதில் அவனுக்கு, கசிவைக் கண்டுபிடிக்கிற அந்தக் காது வாய்க்கவில்லை.

காலையில் அவன் எழுந்தபோது மச்சானின் வண்டி வாசலில் இல்லை. நிலைய பஸ்ஸில் போய் இறங்கி, நேராக மேலாளர் அம்மாவின் அறைக்குப் போனான். கண்டிப்பானவர் என்று பெயரெடுத்தவர். ஆனால் உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். அவன் எல்லாவற்றையும் சொன்னான். சொட்டு, அட்டையைப் படித்தது, படித்தும் திருகியது, ஆலைப் பழக்கம், கொக்கி அறையிலேயே இல்லை என்பது. எதையும் பூசி மெழுகவில்லை. அந்தம்மா குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டார். முடித்தபோது அவர் முகத்தில் கோபம் இல்லை. இவ்வளவுதானா என்று ஃபிட்டருக்கு மூச்சு வந்தது.

"நீங்களா வந்து சொன்னது நல்லது," என்றார். "இங்க வர்றதுக்கு முன்னாடி இத யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்லங்க மேடம்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வேற யாருக்குமே தெரியாதா?"

யோசிக்க அவனுக்கு என்ன இருந்தது? வாக்குக் கொடுத்தாயிற்று. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறோம் என்ற பெருமிதம்கூட அவன் குரலில் இருந்தது.

"யாருக்கும் தெரியாதுங்க. நான் மட்டும்தான்."

அந்தம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவனுடைய மச்சான் அன்று காலை எல்லாருக்கும் முன்னால் வந்து காத்திருந்ததாகச் சொன்னார். முந்தின சாயங்காலம் மாப்பிள்ளை தன்னிடம் உண்மையை ஒப்புக்கொண்டதாகவும், உடனே போய் மேலிடத்தில் சொல்லும்படி தான் கண்டித்ததாகவும், சொந்தக்காரன் என்று பார்க்காமல் கடமைக்காக வந்திருப்பதாகவும் அவர் எழுதிக் கொடுத்திருந்தார்.

ஃபிட்டருக்குக் காது அடைத்தது. மச்சான் தடுத்தார் மேடம், சொல்லாதேன்னுதான் சொன்னார் என்று எழுந்து நின்று சொன்னான். சொல்லச் சொல்லவே அது எவ்வளவு கேவலமாகக் கேட்கிறது என்று அவனுக்குப் புரிந்தது. ஒரு நிமிடம் முன்பு யாருக்கும் தெரியாது என்று இருமுறை சொன்ன வாய் அது.

"வால்வுல கை வெச்சதுக்கு உங்கள மறுபடி வகுப்புக்கு அனுப்பியிருப்பேன், அவ்வளவுதான்," என்றார் அந்தம்மா. "தப்பு செஞ்சவங்கள வெச்சு நான் இந்த இடத்த ஓட்டிடுவேன். என் மூஞ்சியப் பாத்துப் பொய் சொல்றவங்கள வெச்சு ஓட்ட முடியாது."

ஃபிட்டர் தன் தற்காலிக நுழைவு அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தான். காவலாளி ஒருவர் வெளிவாசல்வரை கூடவே நடந்து வந்தார். வழியில் எதிரே கொக்கி வந்தான், தன் அட்டையைத் திரும்ப வாங்கிக்கொள்ளப் போகிறவன். சுவரோரமாக ஒதுங்கி வழி விட்டான்.

வீட்டில் மனைவி மாடிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். அழுதிருந்தாள். அண்ணன் ஏற்கெனவே ஃபோன் செய்துவிட்டார்.

"அண்ணன் சொன்னாரே. அவர் பேச்சக் கேட்டு நேத்தே போய்ச் சொல்லியிருந்தா வேலையாவது மிஞ்சியிருக்கும்ல?"

"சொல்லாதேன்னதே அவர்தான்டி. அவர் பேரு வரக்கூடாதுன்னுதான் நான் பொய் சொன்னேன்."

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நம்பத்தான் பார்த்தாள், அது அவனுக்கே தெரிந்தது.

"அப்ப அந்தம்மா கேட்டப்பவே இதச் சொல்லியிருக்கலாமே," என்றாள்.

கீழே மச்சானின் வண்டி வந்து நின்றது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அண்ணனுக்குக் காபி போட இறங்கிப் போனாள்.